பாறசாலையின் எம்.பி.யாக இருந்த கிருஷ்ணமேனன்

ஐக்கிய நாடுகள் சபையில் ஏறக்குறைய 8 மணி நேரம் பேசியவர். இந்தியாவின் ராணுவ மந்திரியாக இருந்தவர். நேருவின் வலது கரம் என்று பெயர் எடுத்தவர். அந்த வி.கே.கிருஷ்ணமேனன், தன் வாழ்க்கையின் கடைசி மூன்றரை ஆண்டு காலம் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் எம்.பி.யாக இருந்தார். எல்லைக் கிராமங்களில் இன்று வேலை பார்க்கும் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளையில் கால் வைத்தால், அன்று அது மேனனுடைய தொகுதி. திருவனந்தபுரம் நகரம், பாலராமபுரத்து நெசவாளர் தெருக்கள், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை எல்லாம் அதில் அடக்கம்.

கிருஷ்ணமேனன் என்றதும் 1962 சீனப் போர்தான் நினைவுக்கு வரும். அது இயற்கை. ஆனால் அதற்கு 6 ஆண்டு முன்பே, அவர் ஐ.நா. சபையில் போட்ட ஒரு ஓட்டு நாட்டை இரண்டுபடுத்தியது. வெளிநாட்டில் நடக்கும் ஒரு சண்டையில் இந்திய அரசு யார் பக்கம் பேச வேண்டும், எந்த அளவுக்குப் பேச வேண்டும் என்ற விவாதம், சுதந்திர இந்தியாவில் அவ்வளவு சூடாக அதற்கு முன் நடந்தது கிடையாது. அந்த ஓட்டு விழுந்த நாள் 1956-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி. அதற்கு 8 நாள் முன்புதான், நவம்பர் 1-ந் தேதி, களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்திருந்தது.

கிருஷ்ணமேனன் 1896-ம் ஆண்டு மே 3-ந் தேதி கோழிக்கோட்டில் பிறந்தார். தந்தை கிருஷ்ண குருப்பு பெயர் பெற்ற வக்கீல். தாய் வழியில் திருவிதாங்கூர் தொடர்பும் உண்டு. தாயாரின் பாட்டனார் ராமன் மேனன், ராணி கவுரி பார்வதி பாய் காலத்தில் திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர். கோழிக்கோட்டில் படிப்பை முடித்து, சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. படித்தார். பிறகு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் மனம் சட்டத்தில் இல்லை. அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கம் அவரை இழுத்துக்கொண்டது. அம்மையார்தான் அவரை 1924-ல் இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். சில மாதங்களில் திரும்புவதாகப் போனவர், 28 ஆண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

லண்டனில் 28 ஆண்டு

லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியர் லாஸ்கியின் மாணவர் ஆனார். பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். வக்கீல் தொழிலில் அவர் சம்பாதித்தது கொஞ்சம். இந்தியா லீகு என்ற சங்கத்தின் காரியதரிசியாக இருந்து, இந்திய சுதந்திரத்துக்காகக் கூட்டம் போடுவது, துண்டுப் பிரசுரம் அச்சடிப்பது, இங்கிலாந்து எம்.பி.க்களைப் பிடித்துப் பேசுவது, இதுவே அவருக்கு முழு நேர வேலை. மாமிசம் இல்லை, மது இல்லை, புகை இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஓயாமல் டீ குடிப்பார். அந்த உடம்பு எப்படித் தாங்கியது என்பது அவருடைய நண்பர்களுக்கே புரியாத விஷயம்.

பெலிக்கன் புத்தக வரிசை 1937-ல் தொடங்கியபோது அதன் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார். செயின்ட் பாங்கிராஸ் வட்டாரத்தின் நகரசபைக்கு தொழிற்கட்சி உறுப்பினராக 1934 முதல் 1947 வரை இருந்தார். வெளிநாட்டில் போய் வேலை செய்து பிழைக்கிறவன் அந்த ஊர் நூலகத்துக்கும் தெரு விளக்குக்கும் பொறுப்பு ஏற்பது அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம். பெர்னார்டு ஷாவுக்கு அடுத்தபடியாக அந்த வட்டாரம் கவுரவக் குடியுரிமை கொடுத்தது மேனனுக்குத்தான்.

1938-ல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நேரு பார்சிலோனாவுக்குப் போனார். கூடப் போனவர் மேனன். குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்தில் இருவரும் சேர்ந்து நின்றார்கள். ஒரு நாட்டு மக்கள் மீது வெளிநாட்டு விமானங்கள் குண்டு வீசும்போது மற்ற நாடுகள் நமக்கென்ன என்று இருந்தது இருவரையும் உறுத்தியது. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 18 ஆண்டு கழித்து மேனனை எதிர்த்தவர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

சுதந்திரம் வந்ததும் லண்டனில் இந்திய ஹை கமிஷனர் ஆனார். ராணுவத்துக்கு ஜீப் வாங்கிய விவகாரத்தில் பெயர் கெட்டது. 1952-ல் அந்தப் பதவி முடிந்தது. அத்தோடு ஆள் முடிந்தார் என்று பலர் நினைத்தார்கள். நேரு அவரை நியூயார்க்குக்கு, ஐ.நா. சபைக்கு அனுப்பினார்.

அங்கேதான் மேனன் தன் திறமையைக் காட்டினார். கொரியாவில் சண்டை நிற்கவேண்டிய நேரம். கைதிகளைத் திருப்பி அனுப்பும் பிரச்சினையில் பேச்சுவார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. ஊருக்குப் போக விரும்பாத கைதியைக் கட்டாயப்படுத்துவதா கூடாதா என்பதே தகராறு. 1952 டிசம்பரில் மேனன் கொண்டுவந்த திட்டத்தை ஐ.நா. ஏற்றது. ரஷியாவும் சீனாவும் முதலில் அதை எதிர்த்தன. அடுத்த ஆண்டு அதே வழியில்தான் சமரசம் பிறந்தது. ஜெனரல் திம்மய்யா தலைமையில் நடுநிலை நாடுகளின் கமிஷன் அமைந்தது. இந்தியச் சிப்பாய்கள் கொரியாவுக்குப் போய்க் கைதிகளைக் காவல் காத்தார்கள். 1954-ல் இந்தோசீனப் பிரச்சினைக்காக ஜெனீவாவில் மாநாடு கூடியது. அதில் இந்தியாவுக்கு நாற்காலி கிடையாது. மேனன் ஓட்டலுக்கு ஓட்டல் நடந்து எல்லாத் தரப்பையும் பார்த்துப் பேசினார். அந்த ஆண்டே பத்ம விபூஷண் விருது பெற்றார். நடுநிலை என்றால் சும்மா இருப்பது அல்ல என்று காட்டிய காலம் அது.

ஒரே வாரத்தில் இரண்டு போர்

1956 ஜூலை 26-ந் தேதி எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்சும் கொதித்தன. இந்தியாவுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. கொச்சியில் ஏறும் தேயிலையும் கயிறும் முந்திரியும் ஐரோப்பாவுக்குப் போகிற வழி சூயஸ். ஆகஸ்டில் லண்டனில் 22 நாடுகளின் மாநாடு கூடியது. மேனன் எகிப்தின் உரிமையும் கெடாமல், கப்பல் விடும் நாடுகளின் பயமும் தீரும்படி ஒரு திட்டம் கொடுத்தார். 18 நாடுகள் அமெரிக்காவின் திட்டத்துக்குப் போய்விட்டன. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, ரஷியா ஆகிய 4 நாடுகள் தனியே நின்றன.

அக்டோபர் 29-ந் தேதி இஸ்ரேல் படை எகிப்துக்குள் புகுந்தது. பின்னாலேயே பிரிட்டனும் பிரான்சும் குண்டு வீசின. நேரு உடனே, சற்றும் தயங்காமல் கண்டித்தார். ஐ.நா.வில் மேனனின் குரல் ஓங்கி ஒலித்தது. கால்வாய் அடைபட்டு, 1957 வசந்த காலம் வரை கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஐ.நா. அமைதிப் படைக்கு இந்தியாவும் ஆள் அனுப்பியது.

இதே நாட்களில் ஹங்கேரியில் இன்னொரு நெருப்பு. அக்டோபர் 23-ந் தேதி தலைநகர் புடாபெஸ்டில் மாணவர்களும் தொழிலாளர்களும் கிளர்ந்தார்கள். இம்ரே நாகி பிரதமர் ஆனார். ரஷியப் படை வெளியேறும் என்று பேச்சு வந்தது. நவம்பர் 4-ந் தேதி விடியும் முன் ரஷிய டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் செத்தார்கள். ஏறக்குறைய 2 லட்சம் பேர் எல்லை தாண்டி ஓடினார்கள். பெரும்பாலோர் ஆஸ்திரியாவுக்குள் போனார்கள்.

அந்த நாட்களில் இங்கே என்ன நிலை? திருவிதாங்கூர்-கொச்சியில் அந்த ஆண்டு மார்ச் முதல் ஜனாதிபதி ஆட்சி. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு கிடையாது. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டு உயிர்கள் போயிருந்தன. கடைசியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னைக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள் ஒரே இரவில் வேறு மாநிலத்தின் சிறுபான்மை ஆனார்கள். டாங்கி வந்த ஊரையும் கமிஷன் வந்த ஊரையும் ஒன்றாகப் பேசக் கூடாதுதான். ஆனால் மக்களைக் கேட்டு முடிவு செய்வதா, மேலே உள்ளவர்கள் முடிவு செய்வதா என்ற கேள்வியின் சூடு இந்த ஊர்களுக்குப் புதிது அல்ல.

பதினொன்றில் ஒன்று

நவம்பர் 4-ந் தேதி ஐ.நா. பொதுச் சபை ரஷியா படையை வாபஸ் வாங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இந்தியா யாருக்கும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி இருந்தது. அதற்கே முணுமுணுப்பு எழுந்தது. நவம்பர் 9-ந் தேதி இன்னொரு தீர்மானம். கியூபா, அயர்லாந்து, இத்தாலி, பாகிஸ்தான், பெரு ஆகிய 5 நாடுகள் கொண்டுவந்தன. ரஷியப் படை வெளியேற வேண்டும், ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் சுதந்திரமான தேர்தல் நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆதரவு 48. எதிர்ப்பு 11. ஒதுங்கியவர்கள் 16. எதிர்த்த 11-ல் 9 ரஷியக் கூட்டம். பத்தாவது யூகோஸ்லாவியா, அதுவும் கம்யூனிஸ்டு நாடு. பதினொன்றாவது இந்தியா.

உலகமே திகைத்தது. கம்யூனிஸ்டு அல்லாத நாடுகளில் இந்தியா ஒன்றுதான் அப்படி ஓட்டுப் போட்டது.

மேனன் சொன்ன காரணம் இது. சுதந்திரமான ஒரு நாட்டில் வெளியார் வந்து தேர்தல் நடத்துவது என்பது ஐ.நா. சாசனத்துக்கே ஒவ்வாது. இன்று ஹங்கேரிக்கு அதை ஒப்புக்கொண்டால் நாளை வேறு நாட்டுக்கும் அதே மருந்தை நீட்டுவார்கள். அவர் பெயர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் புரிந்தது. அது காஷ்மீர். தீர்மானம் கொண்டுவந்த ஐந்தில் பாகிஸ்தானும் இருந்தது தற்செயல் என்று மேனன் நம்பவில்லை.

காரணத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் தேர்தல் பற்றிய அந்த ஒரு பகுதி பிடிக்கவில்லை என்றால், அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கி இருக்கலாமே? 16 நாடுகள் அப்படித்தானே செய்தன? படையை வாபஸ் வாங்கச் சொன்ன பகுதியும் சேர்ந்தே அல்லவா எதிர்ப்பு ஓட்டில் அடிபட்டது? எகிப்துக்காகத் தொண்டை கிழியப் பேசியவர், புடாபெஸ்டுக்காக ஒரு நாள் மவுனமாக இருந்திருந்தால்கூடப் போதும். மேனனின் ஆதரவாளர்களால் இதற்கு நேரான பதில் சொல்ல முடியவில்லை.

டெல்லியில் நேரு சங்கடப்பட்டார். இந்த ஓட்டைப் போடும்படி டெல்லியிலிருந்து தனி உத்தரவு போகவில்லை என்று அப்போதே பேசப்பட்டது. ஆனாலும் நேரு தன் தூதரைக் கைவிடவில்லை. ஜெயப்பிரகாஷ் நாராயண் பகிரங்கமாகக் கண்டித்தார். ஒரு வீரமுள்ள மக்களை அடிமை ஆக்குவதற்கு இந்தியா துணை போகலாமா என்பது அவர் கேள்வி. பிரஜா சோஷலிஸ்டு தலைவர்கள் பார்லிமெண்டில் அரசை உலுக்கினார்கள். இன்னொரு பக்கம், சூயசில் அடித்தவர்களே ஹங்கேரிக்காகக் கண்ணீர் விடுகிறார்களே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கேள்வியும் நியாயமானதே. திருடன் ஒருவன் மற்றொரு திருடனைக் காட்டிக் கொடுத்தால், காட்டியவன் திருடன் என்பதற்காகப் பறிகொடுத்தவனுக்கு நஷ்டம் இல்லை என்று ஆகிவிடுமா?

விவாதம் வீண் போகவில்லை. நவம்பர் மத்தியில் இந்தியா, பர்மா, இலங்கை, இந்தோனேசியா நாட்டுப் பிரதமர்கள் டெல்லியில் கூடி, சூயசைக் கண்டித்ததோடு ஹங்கேரியிலிருந்து ரஷியப் படை போக வேண்டும் என்றும் கேட்டார்கள். ஐ.நா. பார்வையாளர்களை உள்ளே விட வேண்டும் என்று இலங்கை, இந்தோனேசியாவோடு சேர்ந்து இந்தியாவே தீர்மானம் கொண்டுவந்தது. மாஸ்கோவில் தூதராக இருந்த கே.பி.எஸ்.மேனன் (இவர் கோட்டயத்துக்காரர், வேறு மேனன்) ஹங்கேரிக்கும் தூதர். அவர் புடாபெஸ்டுக்கே போய்ப் பார்த்து வந்தார். அங்கே இருந்த இந்திய அலுவலர் எம்.ஏ.ரகுமான் அனுப்பிய தகவல்களும் நேருவின் கண்ணைத் திறந்தன. நடந்தது மக்கள் எழுச்சிதான் என்பதை நேரு பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டார். 1958 ஜூனில் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு அர்பாட் கோன்ஸ் என்ற எழுத்தாளர் தூக்கிலிருந்து தப்பி ஆயுள் தண்டனை பெற்றார். இந்தியா தலையிட்டதே காரணம் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கோன்ஸ் 1990-ல் ஹங்கேரியின் ஜனாதிபதி ஆனார். அதற்கு முந்திய ஆண்டு நாகியின் உடல் அரசு மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்யப்பட்டது.

மேனன் மட்டும் தன் ஓட்டு தவறு என்று கடைசிவரை சொல்லவில்லை.

1957 ஜனவரி 23-ந் தேதி பாதுகாப்பு சபையில் காஷ்மீர் பற்றி அவர் பேசத் தொடங்கினார். அன்றும் மறுநாளுமாக ஏறக்குறைய 8 மணி நேரம். நடுவில் மயங்கி விழுந்தார். மறுபடி எழுந்து வந்து பேசினார். பிப்ரவரி 20-ந் தேதி மேல்நாடுகள் கொண்டுவந்த தீர்மானத்தை ரஷியா வீட்டோ செய்து அடித்தது. ஹங்கேரி ஓட்டுக்குக் கூலி கிடைத்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அப்படி ஒரு பேரம் நடந்ததாக ஆதாரம் கிடையாது. ஆனால் அந்த வீட்டோ இல்லாமல் இந்தியா சிரமப்பட்டிருக்கும் என்பது உண்மை.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. வடக்கு பம்பாய் தொகுதியில் ஜெயித்து 1957-ல் ராணுவ மந்திரி. 1961 டிசம்பரில் கோவா விடுதலை. 1962 தேர்தலில் ஆச்சாரிய கிருபளானியையே தோற்கடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் சீனப் படை இறங்கியது. ராணுவத்தைத் தயார் நிலையில் வைக்கவில்லை என்ற பழி முழுவதும் மேனன் தலையில் விழுந்தது. நவம்பரில் மந்திரிசபையை விட்டே வெளியேறினார். நேருவாலும் காப்பாற்ற முடியவில்லை.

பதவி போன பிறகும் வாய் அடங்கவில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவு. சம்பந்தப்பட்ட மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராஜாஜி, காமராஜர், அண்ணா, பி.ராமமூர்த்தி ஆகியோர் இதை ஏற்கவில்லை. அந்த வரிசையில் கிருஷ்ணமேனன் பெயரும் உண்டு. பின்னாளில் அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் புனலூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது.

வெளியூர்க்காரர்

1967 தேர்தலில் காங்கிரஸ் அவருக்கு டிக்கெட் தரவில்லை. மராட்டியர் அல்லாதவர், வெளியூர்க்காரர் என்ற காரணம் சொல்லப்பட்டது. இரண்டு முறை ஜெயித்த தொகுதியைப் பற்றித்தான் இந்தப் பேச்சு! மேனன் கட்சியை விட்டு விலகி, பம்பாயில் சுயேச்சையாக நின்றார். முந்தின ஆண்டு தோன்றிய சிவசேனை, தென்னாட்டார்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று முழங்கி அவரை எதிர்த்து வேலை செய்தது. தோற்றார். ஜெயித்த பார்வே சீக்கிரமே காலமானார். இடைத்தேர்தலில் பார்வேயின் சகோதரி தாரா சப்ரேயிடமும் தோற்றார். ஐ.நா.வில் இந்தியாவின் குரலாக இருந்தவர் பம்பாய்க்கு அந்நியர் ஆன கதை இது. பிழைக்க வந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்கு இதன் வலி தெரியும்.

1969-ல் வங்காளத்து மிதுனபுரி மக்கள் அவரை எம்.பி. ஆக்கினார்கள். கோர்ட்டிலும் ஆஜரானார். கோர்ட்டு அவமதிப்பு வழக்கில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்காக சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார்.

1971 மார்ச் தேர்தலில் திருவனந்தபுரத்தில் இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாக நின்றார். அதே தொகுதியில் முன்பு, 1962-ல், மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் மகன் பி.எஸ்.நடராஜ பிள்ளை ஜெயித்திருக்கிறார். அதனால் தமிழ்த் தொடர்பு இந்தத் தொகுதிக்குப் புதிது அல்ல. மேனனும் இங்கே உள்ளூர்க்காரர் அல்ல, மலபார்க்காரர். அப்போது வயது 74. வாழ்நாளில் பாதிக்கு மேல் லண்டனிலும் நியூயார்க்கிலும் டெல்லியிலும் கழித்தவர். இருந்தும் ஜெயித்தார். இங்கே யாரும் அவரை அந்நியர் என்று ஒதுக்கவில்லை.

அந்த ஆண்டே வங்கதேசப் போர் வந்தது. கிழக்கு வங்காளத்தில் இன்னொரு நாட்டின் உள்விவகாரம் என்று இந்தியா ஒதுங்கி நிற்பதா, ஓடி வரும் லட்சக்கணக்கான அகதிகளைப் பார்த்து இறங்குவதா என்று நாடே விவாதித்தது. 1956-ல் மேனன் பிடித்துக்கொண்ட சுதந்திர நாட்டின் உரிமை என்ற வாதத்தை, இந்த முறை பாகிஸ்தான் பிடித்துக்கொண்டது. டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை சண்டையை நிறுத்தச் சொல்லிப் போட்ட தீர்மானத்துக்கு ஆதரவு 104, எதிர்ப்பு 11. மறுபடியும் அந்தப் பதினொன்றில் இந்தியா. ஆனால் அந்த ஓட்டுக்காக இந்தியாவில் யாரும் வெட்கப்படவில்லை.

மேனன் 1974-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி டெல்லியில் காலமானார். அப்போதும் திருவனந்தபுரத்தின் எம்.பி. அவர்தான். அன்று பாறசாலைக்கு ரெயில் கிடையாது. நாகர்கோவில் போகிறவர்கள் அமரவிளை வழியாக பஸ்சில்தான் போக வேண்டும். திருவனந்தபுரம்-கன்னியாகுமரி ரெயில் பாதை திறக்கப்பட்டது 1979 ஏப்ரலில்.